மோட்டார் சைக்கிள் சங்கிலியைத் துடைக்கிறீர்களா? முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்!

(நமது தங்கவயல் நிருபர்)

பொழுது புலரும் முன்பே பங்காருபேட்டை ரெயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகம், சாம்பியன் என்று தங்கவயலின் நாலா பக்கத்திலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிகின்றன. வண்டியை நிறுத்திவிட்டுப் பெங்களூர் ரெயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள் நம்மவர்கள். 2001-ம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்ட பிறகு, சுமார் 70 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பெங்களூர்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

டிக்கெட் கவுண்ட்டரின் உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்கு முகத்தை விடக் கைதான் முதலில் கண்ணில் படும். பணம் நீட்டுகிற கை! கரி படிந்த கை, சாயம் படிந்த கை, மருதாணிக் கை என்று நாள்தோறும் எத்தனையோ பார்க்கிறேன். ஒரு நாள் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க ஒரு வாலிபரின் வலது கை உள்ளே நீண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணு வரை இல்லை. புண் ஆறி அதிக நாள் ஆகவில்லை என்பது தழும்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்ன தம்பி, பேக்டரியில் அடிபட்டதா?" என்றேன்.

"இல்லை அண்ணே. வீட்டு வாசலில்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரிசையில் ஆள் நின்றதால் அப்போது பேச முடியவில்லை. மாலையில் அவர் திரும்பி வரும்போது நிறுத்தி வைத்துப் பேசினேன்.

கண் இமைக்கும் நேரம்!

பெங்களூரில் ஆயத்த ஆடை தயாரிக்கும் இடத்தில் தையல் மெஷின் வேலை அவருக்கு. சட்டைக்குக் காலர் வைப்பதில் கை தேர்ந்தவர். அன்று காலை வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டிருக்கிறார். பின் சக்கரம் தானாகச் சுற்றியது. ஓடுகிற சங்கிலி மீது பழைய பனியன் துணியைப் பிடித்தால் அழுக்கு தானாக வந்துவிடும் என்று எண்ணினார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவரும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

துணியின் நுனி பல் சக்கரத்தில் சிக்கியது. துணியோடு விரலும் போயிற்று.

"கையை இழுக்க வேண்டும் என்று நினைக்கக்கூட நேரம் இல்லை அண்ணே" என்றார் அவர்.

அவர் சொன்னது முழு உண்மை. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பின்னால் உள்ள பல் சக்கரத்தில் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்லுக்கு ஒரு கண்ணி. ஒரு கண்ணியின் நீளம் அரை அங்குலம். ஆக, சக்கரம் ஒரு தடவை சுற்றினால் 21 அங்குலம், அதாவது 53 சென்டிமீட்டர் சங்கிலி ஓடிவிடுகிறது. சக்கரம் மெதுவாக, வினாடிக்கு ஒரே ஒரு சுற்று சுற்றுவதாகவே கொள்ளுங்கள். ஒரு விரலின் நீளம் சுமார் 8 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்கச் சங்கிலிக்கு ஆகும் நேரம் வினாடியில் ஏழில் ஒரு பங்கு! சுட்டால் கையை இழுத்துக்கொள்கிறோமே, கண்ணால் கண்டு அப்படி இழுப்பதற்கு மனிதனுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். எவ்வளவு சுறுசுறுப்பான ஆளாக இருந்தாலும் சங்கிலியை முந்த முடியாது.

இன்று அந்த வாலிபர் அதே இடத்தில் பெட்டி அடுக்குகிறார். மெஷினில் உட்கார்ந்தபோது கிடைத்த சம்பளம் இப்போது இல்லை. "எழுதுங்கள் அண்ணே, நாலு பேர் படிக்கட்டும். என் பெயர் மட்டும் வேண்டாம். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

என் கதையும் உண்டு

அவருக்கு நேர்ந்தது சங்கிலியைக் கவனித்ததால் வந்த விபத்து. கவனிக்காமல் விட்டதால் வந்த விபத்து ஒன்றும் உண்டு. அதற்குச் சொந்தக்காரன் நானே!

என்னுடையது பழைய 100 சி.சி. வண்டி. சங்கிலி முழுவதையும் தகரக் கூடு மூடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாதது கருத்துக்கும் வராது அல்லவா? ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தக் கூட்டை நான் திறக்கவே இல்லை. "கட கட" என்று சத்தம் வந்தது. "வண்டி பழசாகிவிட்டது" என்று மனைவியிடம் சமாதானம் சொன்னேன்.

ஒரு நாள் அவளைப் பின்னால் உட்கார வைத்து மேட்டில் ஏறும்போது, சங்கிலி பல்லை விட்டுத் தாண்டிக் கூட்டுக்குள் சுருண்டது. பின் சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. இருவரும் சரிந்து விழுந்தோம். மேடாக இருந்ததால் வேகம் இல்லை. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. கோலார் நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் இது நடந்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மேஸ்திரியிடம் போனேன். அவர் சுரங்கத்தில் பிட்டராக இருந்தவர். மூடிய பிறகு சிறிய ஷெட் போட்டுக்கொண்டார். கூட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சங்கிலியா, கொழுக்கட்டையா?" என்று கேட்டார். அவ்வளவு மண்!

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன்பின் நானே செய்து பழகியதையும் வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

சங்கிலி ஏன் நீள்கிறது?

இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை 1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். தையல் மெஷினிலிருந்து ராக்கெட் வரை எத்தனையோ மாறிவிட்டன. இந்தச் சங்கிலியின் அடிப்படை அமைப்பு மட்டும் இன்றளவும் மாறவில்லை.

ஒவ்வொரு கண்ணியிலும் நடுவே ஓர் ஆணி. ஆணியைச் சுற்றி ஒரு குழல். இதை 'புஷ்' என்பார்கள். குழலின் மேல் சுழலும் உருளை. இரு பக்கமும் தகடு. பல் சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணி மடங்குகிறது. அப்போது ஆணியும் குழலும் ஒன்றோடொன்று உரசுகின்றன.

"சங்கிலி நீண்டுவிட்டது" என்று சொல்கிறோம். ரப்பர் போல் தகடு இழுபட்டு நீள்வதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆணியும் குழலும் உள்ளே தேய்வதே காரணம். ஒரு சங்கிலியில் 120 கண்ணி என்று கொண்டால், ஒவ்வொன்றும் ஒரு தலைமுடி கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும். மொத்தத்தில் 12 மில்லிமீட்டர் கூடிவிடும். கிட்டத்தட்ட ஒரு முழுக் கண்ணியின் நீளம்! கண்ணி பல்லில் சரியாக உட்காராமல் மேலே ஏறி உட்காரும். என் வண்டியில் நடந்தது இதுதான்.

எனவே எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம் சங்கிலியின் வெளிப்புறம் அல்ல. ஆணிக்கும் குழலுக்கும் இடையே உள்ள இண்டு. வெளியே எவ்வளவு பூசினாலும் அது துருவைத்தான் தடுக்கும், தேய்மானத்தைத் தடுக்காது.

தங்கவயல் மண்

எல்லா ஊரிலும் தூசி உண்டு. நம் ஊர்த் தூசிக்குத் தனிக் குணம் உண்டு. தங்கம் எடுப்பதற்காகப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண்தான் ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மாவு பறந்து வந்து வீட்டுப் பாத்திரத்திலும் படியும். அதில் பெரும்பங்கு வெள்ளைக் கல் தூள். இரும்பையே கீறக்கூடியது.

அந்தத் தூள் எண்ணெயில் கலந்தால் என்ன ஆகும்? "வால்வு உட்கார வைக்கத் தேய்ப்போமே, அந்தப் பசையேதான் தம்பி. நீயே சங்கிலிக்குத் தேய்ப்புப் பசை பூசி ஓட்டுகிறாய்" என்றார் மேஸ்திரி.

மேலும் ஒன்று சொன்னார். "சுரங்கத்தில் ஆள் இறங்கும் கூண்டைத் தாங்குவது ஒரு கம்பி வடம். அதைத் தினம் பார்ப்போம். பார்த்த பிறகுதான் ஆள் இறங்குவான். மேலே வந்ததும் அந்தப் புத்தியை எல்லாரும் விட்டுவிட்டோம்!"

துடைக்கும் முறை

பங்காருபேட்டைக்கும் தங்கவயலுக்கும் தினமும் போய் வந்தால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கடை, கோயில் என்று சுற்றுவதையும் சேர்த்தால் பதினைந்து நாளில் 500 கிலோமீட்டர் ஆகிவிடும். சங்கிலிக்கு எண்ணெய் விடவேண்டிய கணக்கும் அதுவே. மாதத்தில் இரண்டு ஞாயிறு, அரை மணி நேரம். மழையில் நனைந்தால் தவணை பார்க்க வேண்டாம். ஈரம் உலர்ந்ததும் எண்ணெய் விடவேண்டும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. சாவி பையில் இருந்தால் விளையாட்டாகக்கூட ஒரு குழந்தை வண்டியைக் கிளப்ப முடியாது.

சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்றவேண்டும். அதிலும் பின்னோக்கிச் சுற்றுவதே நல்லது. முன்னோக்கிச் சுற்றினால் கீழ்ச் சங்கிலி பின் பல் சக்கரத்துக்குள் நுழைகிறது. விரலையும் உள்ளே இழுக்கும். பின்னோக்கிச் சுற்றினால் அந்த இடத்தில் சங்கிலி பல்லை விட்டு வெளியே வருகிறது. அப்போதும் சுற்றுவது தனி, துடைப்பது தனி என்று இருக்கட்டும். ஒரு சாண் சுற்றி நிறுத்துங்கள், துடையுங்கள், மறுபடி சுற்றுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

மூடிய கூடு உள்ள வண்டியானால் நாலைந்து போல்ட்டைக் கழற்றினால் கூடு மேல், கீழ் இரண்டு பாகமாக வந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று போதும். மண்ணெண்ணெயில் தோய்த்து நாலு பக்கமும் தேய்க்க வேண்டும். மண்ணெண்ணெய் இப்போது முன்போல் எளிதில் கிடைப்பதில்லை. உதிரிபாகக் கடைகளில் சங்கிலி துடைப்பதற்கென்றே ஸ்பிரே டப்பா விற்கிறது. பெட்ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு பொறி போதும், வீடே பற்றிக்கொள்ளும்.

சில வண்டிகளின் சங்கிலியில் தகடுகளுக்கு இடையே சிறிய ரப்பர் வளையம் தெரியும். ஆணிக்கு உள்ளே வைத்த கிரீஸ் வெளியேறாமல் காப்பது அந்த வளையமே. அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் வளையம் அறுந்துவிடும். பெட்ரோல் பட்டாலும் கெடும். வளையம் போனால் உள்ளே கிரீசும் போயிற்று. மறுபடி வைக்க வழியில்லை.

துடைத்தபின் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துச் சற்று நேரம் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் எண்ணெய் விடுவது வீண்.

எந்த எண்ணெய்?

மேஸ்திரி இளைஞராக இருந்த காலத்தில் மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளும், சென்னை திருவொற்றியூரில் தயாரான புல்லட்டும்தான் தெருவில் ராஜா. அப்போது சங்கிலியையே கழற்றி, ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிறகு தகர டப்பாவில் கிரீசை உருக்கி அதில் முக்கி எடுப்பார்களாம். உருகிய கிரீஸ் ஆணி வரை இறங்கி ஆறியதும் கெட்டியாகும். நல்ல முறைதான். ஆனால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ரப்பர் வளையம் உள்ள சங்கிலிக்கு அறவே ஆகாது. இன்று யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டியதில்லை.

இப்போது 90 நம்பர் கியர் ஆயில் போதுமானது. ஒரு லிட்டர் வாங்கினால் பல மாதம் வரும். ஸ்பிரே டப்பாவும் நல்லதே, விலைதான் கூடுதல். உருக்காத கிரீசை மேலே அப்பினால் அது உள்ளே இறங்காது. மண்ணைத்தான் பிடித்து வைக்கும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைச் சிலர் விடுகிறார்கள். அதில் தேய்ந்த இரும்புத் துகளும் கரியும் இருக்கும். சிக்கனம் என்று நினைத்துச் செலவை இழுத்துக்கொள்ளும் வேலை அது!

எண்ணெய் விடும் இடம் முக்கியம். கீழ்ச் சங்கிலியின் உட்புறத்தில், அதாவது பல் படும் பக்கத்தில், தகடுகள் சேரும் இண்டில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். வண்டி ஓடும்போது சுழற்சி வேகத்தில் எண்ணெய் தானாக வெளிப்புறம் நோக்கிச் செல்லும். போகிற வழியில் ஆணியை நனைக்கும். நேரம், இரவு. சவாரி முடிந்து சங்கிலி வெதுவெதுப்பாக இருக்கையில் விட்டால் இரவெல்லாம் ஊறி உள்ளே இறங்கும். காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். டயரிலோ, பிரேக்கிலோ ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. பட்டால் வழுக்கும்.

தொய்வு எவ்வளவு?

கீழ்ச் சங்கிலியின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான 100 சி.சி. வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, எங்கே மிகவும் இறுக்கமோ அங்கே அளவு வைக்கவேண்டும்.

"தொளதொள" என்று இருந்தால் சங்கிலி கழன்று விழும். அதற்குப் பயந்து வீணைத் தந்தி போல் இறுக்குவதும் தவறு. இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் சங்கிலி இன்னும் இறுகும். கியர் பெட்டியின் பேரிங்கும் சக்கரத்தின் பேரிங்கும் சேர்ந்து போகும். அச்சு நட்டைத் தளர்த்தி இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பவேண்டும். அளவுக் கோடுகள் இரு பக்கமும் உண்டு. முடிந்ததும் நட்டை நன்றாக முடுக்கி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுக்கவேண்டும்.

சங்கிலியைக் கழற்றி மாட்டினால் பூட்டுக் கண்ணியைக் கவனியுங்கள். அதன் கிளிப் மீன் வடிவில் இருக்கும். மூடிய தலை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும். பிளந்த வால் பின்னால். மாற்றிப் போட்டால் கிளிப் எதிலாவது உரசித் தெறித்துவிடும்.

சங்கிலியை எப்போது மாற்றுவது? அரை அங்குலக் கண்ணியானால் 20 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். புதிதில் 254 மில்லிமீட்டர். அது 259 ஆனால் மாற்றவேண்டியதுதான். பல் சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தாலும் அப்படியே. சங்கிலியையும் இரண்டு பல் சக்கரங்களையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய பல்லில் புதிய சங்கிலியைப் போட்டால் அதுவும் சீக்கிரமே பழசாகிவிடும்.

நல்ல நிலையில் உள்ள சங்கிலி, எஞ்சின் தரும் சக்தியில் நூற்றுக்கு 96 முதல் 98 பங்கு வரை சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும். துருவும் மண்ணும் ஏறியது அப்படிச் சேர்க்காது. அந்த நஷ்டம் உங்கள் பெட்ரோல் கணக்கில் ஏறுகிறது.

விபத்து நேர்ந்துவிட்டால்...

நேரக்கூடாது. நேர்ந்துவிட்டால் பதறாமல் செய்யவேண்டியது இது. காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட பாத்திரத்தில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போடக்கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடவேண்டும். எல்லா விரலையும் ஒட்ட முடியாது; ஆனால் தாமதித்தால் ஒட்டக்கூடியதும் போய்விடும்.

அந்த வாலிபரின் வீட்டில் அன்று யாருக்கும் இது தெரியவில்லை.

இப்போதும் அவர் காலையில் பங்காருபேட்டைக்கு மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார். "சங்கிலியை யார் துடைக்கிறார்கள்?" என்று கேட்டேன். "நானேதான் அண்ணே. எஞ்சினை நிறுத்திவிட்டு, இடது கையால்" என்றார்.

எஞ்சினை நிறுத்தினால் துடைக்கும் வேலை பத்து நிமிடம் கூடுதலாகும். அவ்வளவுதான் வித்தியாசம். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியின் கூட்டைத் திறந்து பாருங்கள். திறக்கும் முன் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்!